அவிஸ் தூங்கின கட்டில்

பிரான்சு தேசத்தில் ஆற்றங்கரையோரமாக மோர்வால் என்று ஒரு கையகல ராஜ்யம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குதிரையேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லையைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அது, ஆனாலும் அதற்கும் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு மணி, வருஷம் தவறாமல் ஒரு சண்டை என்று எல்லாம் இருந்தன. சண்டை எதற்கு? ஆற்றின் குறுக்கே கிடந்த ஒரு கல் பாலத்துக்கு. பாலம் எங்களுடையது என்று இந்தக் கரை சொன்னது, எங்களுடையது என்று மலைப்பக்கத்து ராஜ்யமான அந்தக் கரை சொன்னது, இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு கரையிலும் மீசை முளைத்த பிள்ளைகள் மிச்சமில்லாமல் போகிற நிலைமை வந்தபோது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இந்த ராஜாவின் மகளை அந்த ராஜாவின் மகனுக்குக் கொடுத்துவிடுவது, பாலத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு இருபது வயது. பெண்ணுக்கு நான்கு.

பெண்ணின் பெயர் அவிஸ். அவளுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் பெரோனெல், ஆற்றங்கரை மாவு மில்லுக்காரனின் பெண்டாட்டி. தன் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மார்பில் கட்டிக்கொண்ட பாலோடு அழுதுகொண்டிருந்தவளைக் கோட்டையிலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். பால்குடி மறந்த பிறகும் அவிஸ் அவளை விடவில்லை. ராணியை அம்மா என்றும் இவளைப் பெரோம்மா என்றும் கூப்பிட்டது குழந்தை, அதில் யார் அதிகம் அம்மா என்று ராணியும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அந்தப் பக்கங்களில் ஒரு வழக்கம் இருந்தது. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது அழக்கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் வாசற்கல்லில் விழுந்தாலும் கல்யாணம் செல்லாது, மீறிக் கூட்டிப்போனவன் வம்சம் விளங்காது என்று இரண்டு கரை ஜனங்களும் ஒரே மாதிரி நம்பினார்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பெரிய பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். நாலு வயசுப் பிள்ளை எப்படி அழாமல் போகும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள், மத்தியானம் தேன் கலந்த பாலைக் கொடுத்துத் தூங்கவைத்து, தூக்கத்திலேயே வாசலைத் தாண்டித் தூக்கிப் போவது. தூங்கவைக்கிற வேலை பெரோனெல்லுக்கு.

அவள் மறுத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அவளுடைய மூத்த மகன் ழெஹான், பதினேழு வயசு, அப்போது பாலத்துக் காவல்படையில் வேல் பிடித்து நின்றுகொண்டிருந்தான். குழந்தை தூங்கினால் பிள்ளை வீடு திரும்புவான். அந்த ஒரு நினைப்போடுதான் அவள் வைக்கோல் மெத்தை போட்ட அந்தக் கட்டிலில் அவிஸைக் கிடத்தி, முதுகைத் தட்டத் தொடங்கினாள். குழந்தைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, பாருங்கள்.

"பெரோம்மா, என்னை எங்கயாவது கொண்டுபோய்டுவாங்களா?"

"நீ தூங்கு கண்ணு. எங்க கொண்டுபோனாலும் நீ இந்தக் கட்டில்லதான் தூங்குவ. நான் பக்கத்துல உக்காந்து தட்டிக்கிட்டே இருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவிஸ் சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி அது கண்ணைத் திறந்தபோது பாலம், ஆறு, திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் பின்னால் போயிருந்தன. ழெஹான் அந்த வாரமே வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, ஒரு பானை சூப்பை மூச்சு விடாமல் குடித்தான்.

மறுநாள் காலையில் மெத்தையைப் பிரித்து வெயிலில் போடலாம் என்று போன பெரோனெல், மெத்தையில் ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டாள். நாலு வயசுப் பிள்ளை முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கையை வைத்துப் பார்த்தாள், சூடாக இருந்தது. தலையணையில் கட்டைவிரல் சூப்பிய எச்சில் ஈரம்கூட இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் வெயில் ஏறியது, வைக்கோல் சரசரவென்று மேலே எழும்பியது, பள்ளம் மூடிக்கொண்டது. அங்கே குழந்தை விழித்துவிட்டது என்று பெரோனெல் புரிந்துகொண்டு, போர்வையை மடித்து வைத்துவிட்டு, ராணியிடம் போய்ச் சொன்னாள்.

"ராத்திரி வந்து தூங்கிட்டுப் போயிருக்கும்மா."

ராணி தலையைச் சீவிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கீழே வைக்காமலேயே, "போர்வை போதுமா இருந்துதா? அந்த ரூம்ல காத்து வருமே," என்று கேட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பெரோனெல் கட்டிலருகே முக்காலி போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் தலையணை அமுங்கும், பிறகு தோள், பிறகு இடுப்பு, அவள் காற்றில் கையை இறக்கி முதுகு இருக்க வேண்டிய இடத்தில் தட்டுவாள், உள்ளங்கைக்கு ஒன்றும் தட்டுப்படாது, சூடு மட்டும் படும். மலைப்பக்கத்திலிருந்து வந்த கம்பளி வியாபாரி ஒருவன், அங்கே சின்ன இளவரசி விருந்து நடுவிலேயே தூங்கப்போக அடம்பிடிக்கிறாள், தூங்கும்போது அவள் முதுகுப்பக்கம் போர்வை அமுங்கி அமுங்கி எழுகிறது, தாதிகள் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள் என்று சொன்னான். சொல்லிவிட்டு, கம்பளி விலையைப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஊரும் பழகிவிட்டது. ஊருக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? பாதிரியார் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஞானஸ்நானம் பெற்ற குழந்தை தன் கட்டிலில் தூங்குவதை எந்த வேதமும் தடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, ஒரு சாயங்காலம் வந்து தீர்த்தம் தெளித்தார். காலையில் பார்த்தால் தலையணை கட்டிலின் மறுகோடிக்குத் தள்ளப்பட்டிருந்தது, முகத்தில் தண்ணீர் பட்டால் அவிஸுக்குப் பிடிக்காது என்பது பெரோனெல்லுக்குத்தான் தெரியும். ஈஸ்டர் பண்டிகை வந்ததும் தையல்காரி நூலோடு வந்து பள்ளத்தை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்துகொண்டு போய் கவுன் தைப்பாள், அது மலை தாண்டிப் போகும், கச்சிதமாகப் பொருந்தும். கோட்டை மணியைக் கட்டில் காலியான பிறகுதான் அடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமே வந்துவிட்டது. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் சூட்டில் ஓரமாகக் கொஞ்ச நேரம் கிடத்துவார்கள்.

எல்லோரையும் விட அதிகமாக வந்துபோனவன் ரொட்டி சுடுகிற ஓடோ. ஆள் பெருத்தவன், வாயும் பெருசு. குளிர்காலத்தில் மாவு பொங்காமல் அவன் படுகிற பாடு ஊருக்கே தெரியும். விடியற்காலையில் மாவுக்கூடையைக் கொண்டுவந்து அவிஸின் கால்மாட்டில் வைப்பான், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மாவு பொங்கிக் கூடையை விட்டு வழியும். "நம்ம ராசாத்தி கால் சூட்டு ரொட்டிடியம்மா" என்று கூவித்தான் விற்பான். மோர்வால் ஜனங்கள் பத்து வருஷம் அந்த ரொட்டியைத்தான் தின்றார்கள். பாலத்தில் சண்டை இல்லை, மில் ஓடியது, பிள்ளைகளுக்கு மீசை முளைத்து, தாடி முளைத்து, கல்யாணமும் ஆயிற்று. ழெஹானுக்கு இரண்டு பிள்ளைகள்.

பெரோனெல் மட்டும் தலையணையைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருக்கும். முதல் வருஷம் எச்சில் என்று நினைத்தாள். பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது.

"பொண்ணுன்னா புகுந்த வீட்ல நாலு வருஷம் அழத்தான் செய்யும்," என்றான் ஓடோ, கூடையைத் தூக்கிக்கொண்டே. "எம்பொண்டாட்டி அழாத அழுகையா? இப்ப என்னை அழவைக்கிறா."

"உம்பொண்டாட்டிக்கு வயசு என்ன, இதுக்கு வயசு என்ன? போடா அந்தாண்ட," என்றாள் பெரோனெல். அவன் சிரித்துக்கொண்டே போனான், அவளும் தலையணை உறையை உருவி அலசிக் காயப்போட்டாள், தினமும் அலசினாள், அலசாத நாள் அந்தப் பத்து வருஷத்தில் கிடையாது.

அவிஸுக்குப் பதின்மூன்று ஆன வருஷம் பள்ளம் கட்டிலின் நடுவிலிருந்து நகர்ந்து விளிம்புக்குப் போயிற்று. அத்தனை பெரிய கட்டிலில், கீழே விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில், கையைக் காலைச் சுருக்கிக்கொண்டு ஒரு பிள்ளை படுத்திருந்தது. பெரியவளாகிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில் இனி அவள்தான் இளையராணி, விருந்து நடந்ததாம் என்று சேதி வந்தது, ஊரில் மணியடித்தார்கள். பெரோனெல் முக்காலியை அந்த விளிம்புப் பக்கமாகப் போட்டுக்கொண்டு, விழாமல் இருக்க மெத்தைக்கடியில் துணியைச் சுருட்டிச் செருகினாள். அன்றைக்கு அவள் தட்டவில்லை. தொட்டால் திடுக்கிட்டு எழுந்துவிடுவாளோ என்று பயந்து, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருஷம் பள்ளம் ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்தது. வயிறு இருக்கிற இடத்தில் வைக்கோல் நாளுக்கு நாள் ஆழமாயிற்று. ஊருக்குப் புரிந்துவிட்டது, தெருவெல்லாம் ஒரே சிரிப்பு, ஓடோ திராட்சை போட்ட ரொட்டி சுட்டுச் சும்மா கொடுத்தான். தையல்காரி மட்டும் நூலைப் பிடித்து அளந்துவிட்டு, பெரோனெல்லை ஓரமாக இழுத்து, "வயிறு வளருது, இடுப்பு வளரலையே அக்கா. இது இன்னும் சின்னப் பிள்ளை இடுப்பு," என்றாள். பெரோனெல் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"மகாராஜா, பிள்ளையக் கூட்டிட்டு வந்துடுங்க. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரட்டும். இங்க இருந்தாத்தான் பிழைக்கும்."

ராஜா கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் எழுந்து வந்து அந்த அறைக்குப் போனார், அதுவரை அவர் போனதே இல்லை. அன்றைக்கு அவிஸ் மத்தியானமே அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ராஜா மண்டியிட்டு, பள்ளத்தின் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்து, அப்படியே வெகுநேரம் இருந்தார். எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒப்பந்தத்துல அப்படி இல்ல பெரோனெல். பொண்ணைக் கேட்டா பாலத்தைக் கேட்ட மாதிரி. உன் மவனுக்கு ரெண்டு குழந்தை இல்ல?"

அவர் அவளை மடக்குவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

பிறகு ஒரு சாயங்காலம் கட்டிலில் பள்ளம் விழவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தூங்கவில்லை, வலி எடுத்துவிட்டது என்று பெண்கள் எல்லோரும் அறையில் வந்து கூடினார்கள், கட்டிலைச் சுற்றி நின்று, அங்கே இருப்பவளுக்கு இங்கேயிருந்து, "மூச்சை இழுத்துப் பிடி தங்கம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று தொண்டை வறளச் சொன்னார்கள். வெள்ளை வெளேரென்று விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. ராணி நிறைமாசத்தில் தனக்கே வலியெடுத்த மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரோனெல் முக்காலியை விட்டு எழவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

கடைசியில் ஒரு காலையில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, தலையணை மெல்ல அமுங்கியது. தோள் அமுங்கியது. இடுப்பு, கால். விளிம்பில் இல்லை, கட்டிலின் நட்டநடுவில், கையைக் காலை நன்றாக நீட்டி, சின்ன வயசில் படுத்த மாதிரி விஸ்தாரமாக. அதன் பக்கத்தில், அக்குள் ஓரமாக, ஒரு ரொட்டி அளவுக்கு இன்னொரு பள்ளம் விழுந்தது.

அந்த அறை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குதித்தார்கள். "பொறந்துடுச்சு! தாயும் பிள்ளையும் தூங்குறாங்க!" என்று ஒருத்தி ஜன்னலில் கத்தப் போக, இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள், தூங்கட்டும், பாவம், எத்தனை நாள் தூக்கம். ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தான். மணியின் நாக்கைத் துணியால் கட்டினார்கள். குதிரைகளின் குளம்புக்குச் சாக்கு சுற்றினார்கள். ஆற்றங்கரையில் மில்லை நிறுத்தினான் ழெஹான். உச்சிவெயில் வந்தும் பள்ளம் எழும்பவில்லை, சாயங்காலம் வந்தும் எழும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது என்று பெண்கள் தெருவில் குசுகுசுவென்று பேசிச் சந்தோஷப்பட்டார்கள்.

பெரோனெல் கையை வைத்துப் பார்த்திருந்தாள். தலையணை காய்ந்திருந்தது, பத்து வருஷத்தில் முதல் தடவையாக. மெத்தை சில்லிட்டிருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து தன் செத்துப்போன கைக்குழந்தையின் போர்வையை எடுத்து வந்து அந்தச் சின்னப் பள்ளத்தின் மேல் போர்த்தினாள்.

மறுநாள் விடியற்காலையில் ஓடோ வழக்கம்போல் மாவுக்கூடையைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தான். மாவு வைத்தபடியே இருந்தது, பொங்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தான். மெத்தையைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் முக்காலியில் இருந்தவளை நிமிர்ந்து பார்த்தான், அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அத்தனை பெரிய வாய்க்காரன் கூடையை மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, வாசலில் காத்திருந்தவர்களிடம், "இன்னைக்கு மாவு சரியில்ல, ரொட்டி கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மலைப்பக்கத்துத் தூதர்கள் கறுப்புத் துணி போட்ட குதிரைகளில் வந்து சேர்ந்தபோது யாரும் அவர்களிடம் என்ன சேதி என்று கேட்கவில்லை. அழுகை ஆறு மாதிரி ஓடியது, வாரக்கணக்கில் ஓடியது. ஆனால் தூதர்கள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள், மரியாதையாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்: ஒப்பந்தத்தில் ராஜாவின் மகள் என்றுதான் இருக்கிறது, எந்த மகள் என்று இல்லை. அவிஸ் மலைப்பக்கம் போன பிறகு ராணிக்குப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள், மஹோ என்று பெயர், அவளுக்கும் அப்போது நான்கு வயசு. மாப்பிள்ளை அதே மாப்பிள்ளை.

இதைக் கேட்டு ஊர் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவேயில்லை. கொஞ்சம் மூக்கைச் சிந்தினார்கள், அப்புறம் ஒருத்தி சொன்னாள், "அதான் தினம் தூங்க வந்துடுமே." அட, ஆமாம் என்று பட்டது எல்லோருக்கும். அக்கா வந்துபோகவில்லையா? தூரமாகப் போனாலும் போனதாகுமா? கட்டில் பெரிய கட்டில், இடம் இருக்கிறது, அக்காவுக்குத் துணையாகவும் ஆயிற்று. தையல்காரி புது நூல் வாங்கினாள். பாதிரியார் இந்தத் தடவை தீர்த்தத்தைத் தலையணைப் பக்கம் தெளிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஓடோ மட்டும் கடையைத் திறக்கவில்லை.

தூங்கவைக்கிற வேலை பெரோனெல்லுக்கு. மத்தியானம், தேன் கலந்த பாலோடு, மஹோவைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மஹோ பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தது, அதற்குள் கையை விட்டுப் பார்த்தது.

"அக்கா எப்ப எழுந்திருப்பா பெரோம்மா?"

"எழுந்திருக்க மாட்டா கண்ணு."

"நான் தூங்குனா எங்க எழுந்திருப்பேன்?"

பெரோனெல் வாயைத் திறந்தாள். பழைய சத்தியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, அது எவ்வளவு லேசான வார்த்தை, ஒரு தடவை சொல்லிப் பழகினது வேறு. அவள் அதை விழுங்கினாள். "பாலைக் குடி," என்று மட்டும் சொன்னாள். மஹோ குடித்தது, கண் சொருகியது, சாய்ந்தது. பெரோனெல் தட்டவேயில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கி, ராஜாவையும் ராணியையும் தாண்டி, முற்றம் நிறைய நின்ற ஜனங்களைத் தாண்டி, மலைப்பக்கத்து ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்ற வாசலுக்குப் போனாள்.

வாசலருகே ழெஹான் நின்றுகொண்டிருந்தான், தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அவனைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள், தாடியில் ஒட்டியிருந்த மாவு வரைக்கும். பிறகு வாசற்கல்லின் மேல் நின்று, மஹோவின் தொடையில், கவுனுக்கு உள்ளே கையை விட்டு, நகம் பதிய, தன் பலம் அத்தனையும் திரட்டிக் கிள்ளினாள்.

அப்பா, என்ன அலறல் அது! "பெரோம்மா வலிக்குது, பெரோம்மா!" என்று அவள் கழுத்தையே கட்டிக்கொண்டு குழந்தை வீறிட்டது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டி, பெரோனெல்லின் தோளை நனைத்து, வாசற்கல்லில் விழுந்தது. ஒரு சொட்டா, ஒரு கை நிறையவா, யார் பார்த்தார்கள்? நீட்டிய கைகள் சுடுபட்ட மாதிரி பின்வாங்கின. மலைப்பக்கத்து ஆட்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், குதிரைகளைத் திருப்பினார்கள். ராஜா, "பெரோனெல்," என்றார், அவ்வளவுதான் அவருக்கு வந்தது. ராணி ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ழெஹான் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தான். தோளிலிருந்த பிள்ளையை இறக்கி அவள் கையில் கொடுத்தான், கையிலிருந்த பிள்ளையை அவள் பாவாடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான், பாலம் இருந்த திசையில் நடந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை.

மஹோவின் அலறல் நிற்கவில்லை. கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன, தெருநாய்கள் குரைத்தன, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் வீட்டுக்கு வீடு விழித்துக்கொண்டு அழுதன, ஆற்றுக்கு அந்தக் கரையில் துணி துவைத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பெரோனெல் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை உயர்த்தி, மேலே அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள், இத்தனை சத்தத்துக்காவது வைக்கோல் ஒரு தடவை சரசரக்காதா என்று. சரசரக்கவில்லை. ஊரே விழித்துக்கொண்ட அந்த மத்தியானத்தில், அவிஸ் மட்டும் தன் கட்டிலில், சொன்ன பேச்சுக் கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.